வெள்ளை முகப்பும் அதன் பின்னால் உள்ள சுவரும்: பிரைட்டன் கடற்கரை வரிசை வீடுகள்

கேள்வி: இங்கிலாந்தில் பிரைட்டன் போயிருந்தபோது கடற்கரையை ஒட்டி வெண்ணெய் நிறத்தில் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளைப் பார்த்தேன். அவையெல்லாம் கல்லால் கட்டியவையா? முன்பக்கம் அரண்மனை மாதிரி ஒரே சீராக இருக்கிறது. பின்பக்கச் சந்துக்குப் போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறதே, ஏன்? என் மகள் அங்கே படிக்கப் போகிறாள். அப்படி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். சுவரில் ஓதம் தெரிகிறது. வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துத் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். சரிப்படுமா?

பதில்:

கல் இல்லை. நீங்கள் பார்த்த முகப்பு வெறும் காரைப்பூச்சு; அதன் மேல் இருநூறு வருடமாக ஏறிய பெயின்ட். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கொத்தனார் கோடு கிழித்து, பெரிய வெட்டுக்கற்களை அடுக்கியது போலத் தோன்றும்படி செய்திருக்கிறார். பின்னால் இருக்கும் சுவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. இந்த வரிசைகளில் முகப்பு ஒருவர் பொறுப்பு, வீடு இன்னொருவர் பொறுப்பு. கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான். அந்த அழகைக் கட்டிக் காப்பது கல்லோ செங்கல்லோ அல்ல, பத்திரத்தில் எழுதிய நிபந்தனைகள்தான் என்பது என் முடிவு.

பிரைட்டன் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு மீன்பிடி ஊர். பக்கத்து ஊரான லூயிஸில் இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்று 1750இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார். நோயாளிகள் வரத் தொடங்கியதும் அவரே பிரைட்டனுக்குக் குடிவந்தார். 1783இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் முதன்முறையாக வந்தார். ஊர் பிடித்துப்போய் அங்கே வீடு அமைத்துக்கொண்டார். அந்த வீட்டைத்தான் ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை குவிமாடங்கள் வைத்து இன்றைய ராயல் பெவிலியனாக மாற்றினார். இளவரசர் இருக்கும் ஊரில் இருப்பது லண்டன் மேல்தட்டுக்குக் கௌரவமாகிவிட்டது. 1801 கணக்கெடுப்பில் சுமார் 7 ஆயிரம் பேர் இருந்த ஊர், 1831இல் 40 ஆயிரத்தைத் தாண்டியது. லண்டனிலிருந்து ரயில் 1841இல்தான் வந்தது. அதாவது நீங்கள் பார்த்த பெரிய வரிசைகளில் முக்கால்வாசி, லண்டனிலிருந்து குதிரை வண்டியில் வந்தவர்களுக்காகக் கட்டியவை.

வந்தவர்கள் சீசனுக்கு வந்து, சாமான்களோடு வீட்டை வாடகைக்கு எடுத்து, சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுத் திரும்பினார்கள். எனவே வீட்டின் மதிப்பு முழுவதும் ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறதா என்பதில்தான் இருந்தது. கடலைப் பார்க்கும் ஒவ்வோர் அடி மனைக்கும் விலை ஏறியது. மனை குறுகியது, வீடு உயர்ந்தது: கீழ்த்தளம், தரைத்தளம், மேலே மூன்று நான்கு மாடி. கடற்கரைச் சாலையில் இடம் தீர்ந்ததும் ஒரு வழி கண்டார்கள். மூன்று பக்கம் வீடுகள், நடுவில் தோட்டம், நான்காவது பக்கம் கடலுக்குத் திறப்பு என்று சதுக்கங்களை அமைத்தார்கள். ரீஜன்சி சதுக்கம், பிரன்ஸ்விக் சதுக்கம், சசெக்ஸ் சதுக்கம் எல்லாம் அப்படித்தான் உருவாயின. பக்கவாட்டு வீட்டுக்காரருக்கும் சாய்வாகக் கடல் கிடைத்தது. வாடகையும் அதற்கேற்றபடி கிடைத்தது.

இனி பத்திர விஷயம். இவ்வளவு வீடுகளையும் ஒரே ஆள் தன் பணத்தில் கட்டவில்லை. நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் அதை மனைகளாகப் பிரிப்பார். ஒரு கட்டடக் கலைஞரை வைத்து முழு வரிசைக்கும் ஒரே முகப்பை வரைவிப்பார். பிறகு மனைகளைத் தனித்தனி ஆட்களுக்குக் கொடுப்பார். வரைந்தபடி முகப்பு வர வேண்டும், தளங்களின் மட்டம் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக வேண்டும், நிறம் மாறக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். முகப்புக்குப் பின்னால் என்ன கட்டுகிறார் என்பது மனை எடுத்தவரின் பாடு. 1818 வாக்கில் ஜோஷுவா ஹான்சன் என்பவர் ரீஜன்சி சதுக்கத்தை இப்படித்தான் தொடங்கினார். பின்பக்கச் சந்தில் நீங்கள் பார்த்த ஒழுங்கின்மை இதன் விளைவு. ஒருவர் பின்னால் ஒரு அறையை நீட்டினார், ஒருவர் நீட்டவில்லை. ஒருவர் செங்கல் வைத்தார், ஒருவர் கூழாங்கல் வைத்தார். யாரும் பத்திரத்தை மீறவில்லை, பத்திரம் பின்பக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்த முறையின் உச்சம் ஊரின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. கிழக்கே கெம்ப் டவுன். லூயிஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ரீட் கெம்ப் 1823இல் தொடங்கியது. மேற்கே, அன்று தனி ஊராக இருந்த ஹோவின் எல்லையில் பிரன்ஸ்விக் டவுன், 1824இல் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே கூட்டணிதான் வரைந்தது: லூயிஸிலிருந்து வந்த ஏமன் வைல்ட்ஸ், அவர் மகன் ஏமன் ஹென்றி வைல்ட்ஸ், அமெரிக்காவில் சில காலம் இருந்து திரும்பிய சார்ல்ஸ் பஸ்பி. கெம்ப் டவுனில் பிறை வடிவில் வளையும் லூயிஸ் கிரசென்ட் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 840 அடி. மொத்தம் 106 வீடுகள் எழுந்தன. திட்டம் அதைவிடப் பெரியது. முகப்பும் கூரையும் மட்டும் முடிந்த வெற்றுக் கூடுகளாக, ஆள் வராமல் பல வீடுகள் வருடக்கணக்கில் நின்றன. கெம்பின் செல்வம் கரைந்தது. கடன்காரர்களுக்குப் பயந்து 1837இல் நாட்டை விட்டே போனவர் 1844இல் பாரிஸில் இறந்தார். கட்டுமான முதலாளி தாமஸ் கியூபிட் மீதியைக் கட்டி முடித்தார். பஸ்பியும் திவாலாகி 1834இல் இறந்தார். அந்த முகப்புகளின் முன்னால் நிற்கும்போது, அவற்றை வரைந்தவரும் கட்டத் துணிந்தவரும் அவற்றால் வாழவில்லை என்பது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

பணம் நின்றால் கட்டடம் எப்படி நிற்கும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பிரன்ஸ்விக்குக்குச் சற்று மேற்கே அடிலெய்ட் கிரசென்டுக்குப் போங்கள். ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் என்ற செல்வந்தருக்காக டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் 1830இல் தொடங்கினார். கடலோரம் பத்து வீடுகளோடு வேலை நின்றுபோனது. 1850களில் மறுபடி எடுத்தபோது முகப்பை எளிமையாக்கிவிட்டார்கள். கடல் பக்கத்திலிருந்து வளைவோடு நடந்தால் ஓர் இடத்தில் ஜன்னலைச் சுற்றிய அலங்காரம் சட்டென்று குறைவது தெரியும். ஒரே வளைவு, ஒரே நிறம், நடுவில் இருபது வருட இடைவெளி. வழிகாட்டிப் புத்தகம் இல்லாமலேயே இந்த ஊரில் படிக்கக்கூடிய மிகத் தெளிவான பக்கம் அதுதான்.

சரி, சுவர். பிரைட்டனுக்குப் பின்னால் இருக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணாம்புக்கல். அது மிருதுவானது, கட்டடக் கல்லாகாது. அதற்குள் கிடைப்பது கருப்பு நிறச் சக்கிமுக்கிக்கல். கடினம்தான், ஆனால் உருட்டை உருட்டையாக இருக்கும், செதுக்கிச் சதுரமாக்குவது பெரும்பாடு. கடற்கரையில் கூழாங்கல் மலையாகக் கிடக்கிறது. நல்ல செங்கல் கிடைத்தது, அதற்கு விலையும் இருந்தது. 1784 முதல் வரியும் வந்தது. ஊர் வேகமாக வளர்ந்தபோது கட்டுநர்கள் கைக்கு எட்டியதையெல்லாம் சுவராக்கினார்கள். அதற்குப் பெயர் பங்கரூஷ். ஏறத்தாழ பிரைட்டனிலும் சுற்றுப்புறத்திலும் மட்டுமே காணப்படுவது.

செய்முறை இது. இரண்டு பக்கமும் பலகை அடைத்து, நடுவில் சுண்ணாம்புக் கலவையைக் கொட்டுவார்கள். அதில் சக்கிமுக்கிக்கல், கூழாங்கல், உடைந்த செங்கல், மணல், சில நேரம் மரத்துண்டு எல்லாம் போகும். இறுகியதும் பலகையை மேலே ஏற்றி அடுத்த அடுக்கு. கதவு, ஜன்னல் ஓரங்களில் மட்டும் ஒழுங்கான செங்கல் வைப்பார்கள், இல்லையென்றால் விளிம்பு நிற்காது. கிடைமட்டமாக நீள மரச்சட்டங்களையும் உள்ளே புதைப்பார்கள். இப்படிப்பட்ட சுவரில் புதிதாக வாசல் திறக்கும் இடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பூச்சை உரித்ததும் முதலில் தெரிவது முட்டைப் பருமனில் கூழாங்கற்கள், இடையில் கையளவு செங்கல் சில்லு, சிப்பி ஓடு, எங்கோ ஒரு மக்கிய மரம். ஒரு கல்லை விரலால் நெம்பினால் வந்துவிடும். அதோடு ஒரு பிடி வெளிர்நிற மணலும் சேர்ந்து கொட்டும். ஆனால் நெம்பாமல் விட்டால் அதே சுவர் ஐந்து தளங்களை இருநூறு வருடம் சுமக்கிறது.

குறி பார்த்து ஒரு குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் பிரைட்டனில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. மிகைதான், ஆனால் அடிப்படை சரி. பங்கரூஷ் சுவருக்கு அளவான ஈரம் வேண்டும். தொடர்ந்து நனைந்தால் சுண்ணாம்பு கரைந்து ஓடும், உள்ளிருக்கும் மரம் மக்கும், சுவர் புடைக்கும். ஒரேயடியாகக் காய்ந்தால் பொடியாக உதிரும். வெளிப்பூச்சு அலங்காரம் மட்டுமல்ல, மழையும் உப்புக்காற்றும் நேரே அடிக்காமல் காக்கும் தோல் அதுதான்.

இன்னொரு பலவீனமும் உண்டு, இது நேராகப் பத்திரத்திலிருந்து வருவது. முகப்பை ஒரு ஆள், ஒரு நேரத்தில், செங்கல்லில் எழுப்புவார். வீடுகளுக்கு நடுவில் இருக்கும் பொதுச்சுவரை வேறு ஆள், வேறு நேரத்தில், பங்கரூஷில் எழுப்புவார். இரண்டும் சேரும் மூலையில் செங்கலைக் கோத்துப் பின்னாமல் ஒட்டவைத்தது போல விட்டுவிடுவார்கள். காலப்போக்கில் முகப்பு தனியாக வெளியே சாயும். இரும்புக் கம்பியை வீட்டுக்குள் செலுத்தி இழுத்துப் பிடித்து, வெளியே வட்டமாகவோ பெருக்கல் குறி வடிவிலோ ஒரு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கியிருப்பார்கள். பழைய முகப்புகளில் அந்தத் தகடுகள் தென்பட்டால் அவற்றை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் எங்கே கோடு விழுந்ததோ அங்கேயேதான் சுவரிலும் விரிசல் விழுந்திருக்கிறது.

எல்லா வரிசையும் வெள்ளை இல்லை. கெம்ப் டவுனுக்குப் போகும் கடற்கரைச் சாலையில் ராயல் கிரசென்ட் இருக்கிறது: 14 வீடுகள், 1798இல் தொடங்கி 1807 வாக்கில் முடிந்தவை, பளபளக்கும் கருப்பு. ஊரில் கடலைப் பார்த்து நின்ற முதல் திட்டமிட்ட வரிசைகளில் ஒன்று. அதற்கு முன்பு கடலோர மக்கள் காற்றுக்குப் பயந்து வீட்டின் முதுகைத்தான் கடலுக்குக் காட்டினார்கள். அந்தக் கருப்பைப் பார்த்தால் மெருகேற்றிய செங்கல் என்றே தோன்றும், உண்மையில் ஓடு. மரச்சட்டகத்தின் மேல் பலகை அடித்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி ஓடுகளை ஆணியடித்து, இடையில் சுண்ணாம்பு வைப்பார்கள். வெளியே தெரியும் பகுதி மட்டும் செங்கலின் முகம் போல இருக்கும். கணித ஓடு என்று இதற்குப் பெயர். கண்டுபிடிக்க வழி உண்டு. வீட்டின் மூலையைப் பாருங்கள்: உண்மையான செங்கல் மூலையில் திரும்பிப் பக்கச் சுவரிலும் தொடரும், ஓடு திரும்ப முடியாது, ஒரு மரப்பட்டையோடு முடிந்துவிடும். செங்கல் வரியை ஏமாற்றவே இந்த ஓடுகள் வந்தன என்று அடிக்கடி சொல்வார்கள். அது நிற்காத வாதம். 1784 வரி ஓடுகளுக்கும் சேர்த்தே வந்தது, ஓடுகளின் மீதான வரி 1833இல்தான் நீங்கியது. கணித ஓடோ 1784க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. மெல்லிய மரச்சட்டக வீட்டுக்குக் குறைந்த எடையில் செங்கல் தோற்றம் கிடைத்தது. மெருகு பூசிய முகம் உப்பு மழையையும் தடுத்தது. வளைந்த முகப்புக்கும் அது வசதி. காரணம் இவை என்றே நான் கொள்கிறேன்.

வளைந்த முகப்பு என்றதும் அந்த ஊரின் ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். வில் போல முன்னால் புடைத்து, தரையிலிருந்து மேல்மாடி வரை ஒரே வளைவாக ஏறும் ஜன்னல்தான் பிரைட்டனின் முகம். லண்டனில் கட்டடச் சட்டம் தெருப்பக்கம் துருத்துவதையும் வெளியே மரம் தெரிவதையும் இறுக்கிப் பிடித்தது; அந்தச் சட்டம் இங்கே செல்லாது. கடலுக்குச் செங்குத்தாக ஓடும் தெருவில் தட்டையான ஜன்னலில் நின்றால் எதிர்வீடுதான் தெரியும். புடைத்த ஜன்னலில் நின்று தலையைத் திருப்பினால் கடல் தெரியும். தெருவே ஆளுக்குக் கொஞ்சம் கடலைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. மேல்நாட்டுக் கட்டடக் கலையில் நிறைய நுணுக்கங்களைப் பார்த்தாலும், தேவையிலிருந்தே இவ்வளவு அழகு பிறந்த இடம் எனக்கு வேறு தெரியவில்லை.

முதல் மாடியில் வார்ப்பிரும்புக் கிராதி போட்ட பால்கனி, அதன் மேல் கூடாரம் போலச் சரியும் உலோகத் தகட்டுப் பந்தல். அந்த மாடிதான் வீட்டின் முக்கியத் தளம். வரவேற்பறை அங்கே, ஜன்னல் தரைவரை இறங்கும், திறந்தால் நேராகப் பால்கனி. தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. மேலே போகப்போக ஜன்னல் உயரம் குறையும், கடைசியில் வேலைக்காரர்களின் அறைகள், அதை மறைக்கும் கைப்பிடிச் சுவர். அதற்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு சரிவும் நடுவில் இறங்கும் ஸ்லேட் கூரை. இரண்டும் சேரும் கூடுவாயில் ஈயத் தகடு. வீடு ஒழுகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தக் கூடுவாய். கீழ்த்தளத்தில் சமையலறை, சரக்கறை, வேலைக்காரர் கூடம். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு பள்ளம் இருக்கும். கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் அதன் வழியாகத்தான். நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை, மேலே கரி கொட்ட வட்ட இரும்பு மூடி. பிரன்ஸ்விக் சதுக்கம் 13ஆம் எண் வீட்டை 1820களில் இருந்தபடி மீட்டெடுத்து ரீஜன்சி டவுன் ஹவுஸ் என்ற பெயரில் காட்டுகிறார்கள். கிடைக்கும் நாளில் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 10ஆம் எண்ணின் பழைய கீழ்த்தளமும் அதோடு சேர்ந்தது. அவள் இருக்கப்போகும் இடம் முதலில் எதற்காகக் கட்டியது என்பது அங்கே புரியும்.

தூண்களின் தலைப்பையும் கவனியுங்கள். ஓரியன்டல் பிளேஸ், மான்ட்பெலியர் கிரசென்ட், ஹனோவர் கிரசென்ட் ஆகிய இடங்களில் போதிகையின் இரண்டு பக்கச் சுருள்களும் வழக்கமான கிரேக்கச் சுருள்கள் அல்ல. வரிவரியாகப் பள்ளம் விழுந்து உள்ளே போகப்போகச் சிறுக்கும் நத்தை வடிவம்: அம்மோனைட் என்ற புதைபடிவம். ஜார்ஜ் டான்ஸ் என்ற லண்டன் கலைஞர் முதலில் பயன்படுத்திய வடிவம்தான், ஆனால் வைல்ட்ஸ் குடும்பம் அதைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. ஏமன் என்ற பெயரோடு ஒலி ஒத்துப்போனது. லூயிஸில் மூத்த வைல்ட்ஸ் இதே போதிகைகளை வைத்துக் கட்டிய வீட்டில் வாழ்ந்தவர் கிடியன் மான்டெல், இகுவானடான் டைனோசரை உலகுக்குச் சொன்ன மருத்துவர்.

பணக்காரர்கள் மட்டும் வரிசை வீட்டில் இருக்கவில்லை. ஹனோவர், நார்த் லெய்ன் பகுதிகளில் மீனவர், தையல்காரர், பிறகு ரயில்வே தொழிலாளிகளின் சின்ன வரிசைகள் இருக்கின்றன. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, அதற்கும் ஒரு குட்டி வில் ஜன்னல். அந்தத் தெருக்கள் ஏன் இவ்வளவு குறுகலாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன என்றால், ஊரைச் சுற்றியிருந்த விளைநிலம் நீளநீளப் பட்டைகளாகப் பலர் கையில் இருந்தது. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக விலைபோய்த் தெருவானது. வரப்பு போன வழியிலேயே இன்றைக்கும் பஸ் போகிறது.

கண்ணாடியை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியது, ஜன்னல் வரி 1851இல். அதற்கு முந்தைய சாஷ் ஜன்னலில் (மேலும் கீழும் நகர்த்தித் திறப்பது) மெல்லிய மரச்சட்டங்களுக்கு நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடி. பிந்தையதில் பெரிய தகடு.

1930களில் இந்த வரிசைகளின் கதை முடியப் பார்த்தது. பிரன்ஸ்விக் டெரஸை ஒட்டி 1935இல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த எம்பஸி கோர்ட், 11 மாடி கான்கிரீட் கட்டடம், எழுந்தது. ஊரின் செல்வாக்கு மிக்க நகரசபை உறுப்பினர் சர் ஹெர்பர்ட் கார்டன் கடற்கரை முழுவதையும் இடித்து இதேபோலக் கட்ட வேண்டும் என்று பிரசாரம் செய்தார். போர் முடிந்த 1945இல் ஹோவ் நகரசபையே பிரன்ஸ்விக்கையும் அடிலெய்டையும் இடிக்கும் யோசனையைக் கையில் எடுத்தது. அதை எதிர்த்து அதே ஆண்டில் ரீஜன்சி சொசைட்டி உருவாயிற்று, வீடுகள் தப்பின. பிரன்ஸ்விக் சதுக்கமும் டெரஸும் கெம்ப் டவுனின் முக்கிய வரிசைகளும் இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. எம்பஸி கோர்ட்டை நான் பழிக்கவில்லை, அருமையான கட்டடம். ஆனால் உப்புக்காற்றில் அதன் கான்கிரீட்டுக்குள் இருந்த இரும்பு துருப்பிடித்து, நூற்றாண்டின் இறுதியில் பார்க்கச் சகிக்காத நிலைக்கு வந்து, 2000களில் பெருஞ்செலவில் மீட்கப்பட்டது. பக்கத்தில் கூழாங்கல்லும் சுண்ணாம்பும் நின்றுகொண்டிருந்தன.

நின்றதற்குக் காரணம் பராமரிப்பு, அதுவும் கட்டாயப் பராமரிப்பு. பிரன்ஸ்விக் குடியிருப்புக்கு 1830இலேயே தனிச் சட்டம் வந்து, தெருவிளக்கு, காவல், பராமரிப்பைப் பார்க்க ஆணையர்கள் அமைந்தார்கள். 1976ஆம் ஆண்டின் ஹோவ் சட்டப்படி பிரன்ஸ்விக், அடிலெய்ட் வரிசைகளின் உரிமையாளர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட வெண்ணெய் நிறத்தில் முகப்பை அடித்தாக வேண்டும். நீங்கள் பார்த்த ஒரே சீரான நிறம் இதனால்தான். கட்டிய காலத்தில் இந்தப் பளபளப்பு இருந்திருக்காது. கல்லைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம், ஆகவே மங்கலான கல்நிறம்தான் இருந்தது.

கடைசியாக, உங்கள் மகளின் அறை. வாட்டர்புரூஃப் பெயின்ட் வேண்டாம். கீழ்த்தளச் சுவர் மண்ணையும் நடைபாதைக்கு அடியில் உள்ள கரி அறையையும் ஒட்டி நிற்பது. ஈரம் வரத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை முகத்தின் வழியாகக் காற்றில் விட்டுவிட்டுப் பிழைக்கிறது. முகத்தை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, மேலே ஏறி, தரையைத் தாங்கும் மரவிட்டத்தின் முனைக்குப் போகும். பெயின்ட் சில மாதத்தில் கொப்புளம் கட்டி உரியும், பின்னால் உப்புப் பூத்திருக்கும். அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சிமெண்ட் பூச்சும் இதே கேட்டைத்தான் செய்யும். சுவரில் துளைபோட்டு மருந்து ஏற்றுகிறோம் என்று வருபவர்களையும் நம்ப வேண்டாம். பங்கரூஷில் துளை எந்தக் கல்லில் போகும், எந்த இடுக்கில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து ஒரே சீராகப் பரவாது, துளையிடும் அதிர்ச்சியில் சுவர் தளர்வதுதான் மிச்சம்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு. கூரைக் கூடுவாயும் மழைநீர்க் குழாயும் கடைசியாக எப்போது சுத்தமானது? கடற்காக்கைகள் கூடு கட்டி அடைப்பது அங்கே வாடிக்கை. முன்பள்ளத்தின் தரையில் இருக்கும் வடிகால் வாய் திறந்திருக்கிறதா? கரி அறையில் தண்ணீர் நிற்கிறதா? வெளிப்பூச்சில் விரிசல் இருக்கிறதா, குறிப்பாக பால்கனி இரும்பு சுவருக்குள் நுழையும் இடத்தில்? துரு பருத்துப் பூச்சைப் பிளப்பது அங்கேதான். பழைய கணப்பின் புகைபோக்கியை அடைத்திருந்தால் காற்றுத்துளை விட்டிருக்கிறார்களா? இவை சரியாக இருந்து, ஓதம் முழங்கால் உயரத்துக்குள் ஒரு பட்டையாக மட்டும் இருந்தால், அந்தப் பகுதியை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சு போடச் சொல்லுங்கள். காய மாதக்கணக்கில் நேரம் கொடுக்க வேண்டும். ஓதம் இடுப்புக்கு மேலேயோ கூரையோரத்திலோ இருந்தாலும், மரத்தரை காலுக்கடியில் தொய்ந்தாலும், காளான் வாடை வந்தாலும் அந்த இடம் வேண்டாம். அதே தெருவில் இரண்டாம் மாடியில் சின்ன அறை கிடைத்தால் அதை எடுங்கள். வில் ஜன்னல் உள்ள முன்னறையாகக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.